விடுதியில் ஒரு தழும்பு கண்ணில் பட்டால்

விடுதிக் காப்பாளராகவோ வகுப்பு ஆலோசகராகவோ புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அறைத்தோழியின் கையில் எதையோ பார்த்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கும் மாணவர்களுக்கும் இது உதவும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இந்தக் கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியில் துணைக் காப்பாளராகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. வெள்ளிக்கிழமை மாலை. ஊருக்குப் போகிறவர்கள் அவுட்பாஸில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றிருந்தார்கள். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி நோட்டை நீட்டியபோது அவளுடைய முழுக்கைச் சட்டை சற்று மேலேறியது. பழையதும் புதியதுமாகச் சில தழும்புகள் தெரிந்தன. நான் கேட்டேன்: "என்ன இது? அப்பா அம்மாவுக்குத் தெரியுமா? படித்த பெண் செய்கிற வேலையா இது?" அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். "பூனை பிராண்டிவிட்டது மேடம்" என்றபடி கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் என் அறைப் பக்கம் வரவில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் அறைத்தோழியை அனுப்புவாள்.

எனக்கு அக்கறை இருந்தது. அதை வெளிக்காட்டும் வழிதான் தெரியவில்லை. பின்னால் வந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இறக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல், வேண்டுமென்றே தன் உடலைக் காயப்படுத்திக்கொள்வதைச் சுயகாயம் என்று குறிப்பிடுகிறேன். மனநல மருத்துவர்கள் இதைத் தற்கொலை முயற்சியிலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, மேலும் ஆராய வேண்டிய தனி நிலைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

"நம் கல்லூரியில் அப்படி யாரும் இல்லை" என்று சொல்லாத முதல்வரை நான் பார்த்ததில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிச் செய்தவர்கள் வளரிளம் பருவத்தினரில் 17.2 விழுக்காடு, இளைஞர்களில் 13.4 விழுக்காடு, பெரியவர்களில் 5.5 விழுக்காடு என்கிறது. இந்தக் கணக்கு நம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவருமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

"எல்லாம் பிறர் கவனத்தைக் கவரத்தான்" என்பது அடுத்த பேச்சு. அமெரிக்காவின் கார்னெல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களில் 2,875 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அவர்களில் 17 விழுக்காட்டினர் ஒரு முறையாவது தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்கள். அந்த 17 விழுக்காட்டினரில் 36 விழுக்காட்டினர், இது ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னார்கள். மருத்துவருக்குத் தெரியும் என்றவர்கள் மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டினார்கள். கவனத்துக்காகச் செய்கிறவர்கள் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிவார்களா? ஒருவேளை ஒரு பிள்ளை கவனத்துக்காகவே செய்திருந்தாலும், உடலைக் காயப்படுத்தித்தான் கவனத்தைப் பெற வேண்டும் என்ற நிலைக்கு அந்தப் பிள்ளை வந்திருக்கிறது என்றால் கவனிக்கத்தானே வேண்டும்?

பிறகு ஏன் செய்கிறார்கள்? ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் பதில்: தாங்க முடியாமல் பொங்கும் உணர்ச்சியைத் தணிக்க. அவமானமோ கோபமோ பயமோ உள்ளே ஏறிக்கொண்டே போகும்போது, உடல் வலி சில நிமிடங்களுக்கு அதை அமுக்கிவிடுகிறது. அந்தச் சில நிமிட நிம்மதிதான் பொறி. அடுத்த முறை அதே தவிப்பு வரும்போது மனம் தானாக அதே வழியைத் தேடுகிறது. நிம்மதி வடிந்ததும் குற்ற உணர்ச்சி வருகிறது. அந்தக் குற்ற உணர்ச்சியே அடுத்த தவிப்பின் தொடக்கமாகிறது. சிலர் தம்மைத் தண்டித்துக்கொள்கிறார்கள். "மூன்று அரியர் வைத்த எனக்கு இது வேண்டும்" என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். வேறு சிலருக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருக்கும். எதையாவது உணர்ந்தால் போதும் என்றிருக்கும்.

எனவே காயத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் விளங்காது. காயத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு போன் வந்திருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேலி வந்திருக்கலாம். உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஒட்டப்பட்டிருக்கலாம். உதவி என்று நாம் செய்யப்போவது எல்லாம் அந்த அரை மணி நேரத்தைச் சுற்றியே.

தற்கொலை முயற்சி வேறு, இது வேறு என்றேன். அதற்காக, "சாகவா போகிறாள், விடுங்கள்" என்று அலட்சியப்படுத்திவிடவும் கூடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒருவருக்குப் பிற்காலத்தில் தற்கொலை எண்ணமும் முயற்சியும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன. பதறாமலும் இருக்க வேண்டும், புறக்கணிக்காமலும் இருக்க வேண்டும்.

கண்ணில் படக்கூடியவை

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அடிக்கடி புதிய காயங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருந்தாத ஒரு காரணம், வெயிலிலும் உடலை முழுக்க மூடும் உடை, விளையாட்டு வகுப்பைத் தொடர்ந்து தவிர்ப்பது, குளியலறையில் நெடுநேரம், சண்டை முடிந்ததும் தனியே ஒதுங்கிப்போவது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முழுக்கைச் சட்டை போடும் பிள்ளைகளையெல்லாம் சந்தேகப்பட்டால் விடுதி சிறைச்சாலையாகிவிடும்.

ஆண்கள் விடுதிக் காப்பாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். இது பெண் பிள்ளைகளின் பிரச்சினை என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பையன்களும் செய்கிறார்கள். சுவரில் ஓங்கிக் குத்திக் கையை வீங்கவைத்துக்கொண்டு வரும் பையனை "கோபக்காரன்" என்று சிரித்து அனுப்பிவிடுகிறோம். மூன்றாவது முறை அப்படி வந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். அதேபோல, யார் கையில் எதைப் பார்த்தாலும் "காதல் தோல்வியா?" என்று கேட்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் காதலோடு எந்தத் தொடர்பும் இல்லை.

பேச்சைத் தொடங்குவது

இதுதான் கடினமான இடம். இங்கே நிதானமாகப் படியுங்கள்.

தனியிடம் வேண்டும். ஆனால் மற்றவர்கள் காரணம் கேட்கும்படியான இடமாக இருக்கக் கூடாது. விடுதி அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் மாடி முழுக்கச் செய்தி பரவிவிடும். நான் பெரும்பாலும் இரவு உணவுக்குப் பிறகு, தட்டைக் கழுவிவிட்டு வரும்போது பேச்சுக் கொடுப்பேன். கூடவே நடந்துகொண்டே பேசலாம். முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டு பேசும்போது பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது.

உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருவருப்பும் அதிர்ச்சியும் கண்ணீரும் ஒரே விளைவைத்தான் தரும்: "இவர்களால் இதைத் தாங்க முடியாது" என்று எதிரில் இருப்பவர் முடிவுசெய்துவிடுவார். வயிற்றைப் பிசைந்தாலும், காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவளிடம் பேசுவதைப் போல அமைதியாகப் பேசுங்கள்.

பின்னொரு முறை வேறொரு மாணவியிடம் பேச வாய்ப்புக் கிடைத்தபோது பேச்சு ஏறக்குறைய இப்படி நடந்தது.

"உன் கையில் ஒரு காயம் பார்த்தேன் அம்மா. அதற்காகத் திட்டக் கூப்பிடவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான்."

"ஒன்றும் இல்லை மேடம். கதவில் இடித்துக்கொண்டேன்."

"சரி. கதவாகவே இருக்கட்டும். சில பேருக்கு மனம் தாங்க முடியாமல் போகும்போது தம்மையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும். இதற்கு முன்னாலும் இங்கே சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று இல்லை. சொன்னால் நான் கத்தமாட்டேன். அவ்வளவுதான்."

அவள் அன்று எதுவும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், "மேடம், அந்தக் கதவு விஷயம்…" என்று கதவருகே வந்து நின்றாள்.

பொய் சொன்னால் மடக்கிப் பிடிக்காதீர்கள் என்பதற்காகவே இதை எழுதினேன். அந்தப் பொய் அவளுக்கு ஒரு கைப்பிடி. பின்னால் அதைப் பிடித்துக்கொண்டே அவள் திரும்பி வர முடிந்தது.

பேசத் தொடங்கிய பிறகு "ஏன் செய்தாய்?" என்று கேட்பதைத் தவிருங்கள். நம் ஊரில் அந்தக் கேள்வி விசாரணையாகத்தான் காதில் விழும். "அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் வரும். காயத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். எதனால், எப்படி என்ற விவரங்களைத் தோண்டாதீர்கள். "உன் அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கவைக்கிறாள், நினைத்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் அதை நினைத்து நினைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்திருப்பாள்.

சத்தியமும் வாங்காதீர்கள். "என் தலையில் அடித்துச் சத்தியம் செய், இனிமேல் செய்யமாட்டேன் என்று" என்பது நம் வீடுகளில் அன்பின் உச்சம். ஆனால் இந்தப் பழக்கம் ஒரே நாளில் விடுவதில்லை. சத்தியத்தை மீறிய மறுநாள் அவள் இரண்டு சுமையோடு இருப்பாள்: காயம் ஒன்று, உங்கள் தலைமேல் செய்த சத்தியத்தை உடைத்த பாவம் இன்னொன்று. அதோடு உங்களிடம் வருவதையும் நிறுத்திக்கொள்வாள்.

கேட்டே ஆகவேண்டிய கேள்வி

"சில நேரங்களில் செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?"

நேராக, இதே சொற்களில் கேளுங்கள். "தப்பான எண்ணம் ஏதாவது…" என்று இழுத்தால் எதிரில் இருப்பவர் இல்லை என்றுதான் சொல்வார். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது. கேட்டதும் பலருக்கு நிம்மதியாக இருக்கிறது. நான் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

"இல்லை மேடம், சாகவெல்லாம் தோன்றவில்லை, தவிப்பு அடங்கினால் போதும்" என்றால், அன்று பொறுமையாகப் பேசிவிட்டு அடுத்த ஓரிரு நாளில் ஆலோசகரிடம் அழைத்துப் போகலாம். சில நாள் கழித்து இதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள், பதில் மாறக்கூடியது. "தோன்றுகிறது" என்றால், எப்போது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த நிமிடத்திலிருந்து அவளைத் தனியாக விடக் கூடாது. ஆபத்தான பொருள்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் போன் செய்ய வேண்டும்.

மாத்திரையோ வேறு எதையோ விழுங்கியதாகச் சொன்னால் எந்த யோசனையும் வேண்டாம். தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும், "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சில மருந்துகளின் கேடு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். வீட்டிலேயே வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது.

காயம் புதிதாக இருந்தால்

சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவும். ரத்தம் நின்றதும் ஓடும் நீரில் கழுவி மூடவும். மஞ்சள் தூளோ காப்பித் தூளோ வைக்க வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலும், காயம் ஆழமாக இருந்தாலும், விரல் மரத்துப்போனாலும் மருத்துவரிடம் போகவும். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டுக்கொள்ளவும். மருந்து கட்டும்போது ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது; நர்ஸிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைக் கேட்காமல் யாரிடமும் சொல்லமாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன், அதையும் உனக்குத் தெரிந்தேதான் செய்வேன்" என்று சொல்லுங்கள். இதில் பொய்யில்லை, அவளுக்கும் புரியும்.

பெற்றோர் விஷயம் சிக்கலானது. "உடனே அப்பாவுக்குப் போன் போடு" என்பதுதான் பெரும்பாலான கல்லூரிகளின் முதல் எதிர்வினை. அதன் விளைவை நான் கண்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அப்பாவும் சித்தப்பாவும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். பெட்டியைக் கட்டினார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு படிக்கவில்லை. அடுத்த தையில் கல்யாணப் பத்திரிகை வந்தது. எல்லாக் குடும்பமும் அப்படி அல்ல. உயிருக்கு ஆபத்து உள்ள நிலையில் குடும்பத்துக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் மற்ற நேரங்களில் அவசரப்படாமல் அவளிடமே கேளுங்கள்: "வீட்டில் யாரிடம் சொன்னால் உனக்கு நல்லது?" பெரும்பாலும் ஒருவர் இருப்பார். அம்மாவாக, அக்காவாக, அத்தையாக, சில நேரம் ஆச்சியாக. அவரிடம் முதலில் பேசலாம். அவள் பதினெட்டு வயது நிறைந்தவள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மருத்துவரும் ஆலோசகரும் இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. உயிராபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு.

போனில் சொல்லும்போது காயத்தில் தொடங்காதீர்கள். "அம்மா, பிள்ளை நலமாக, என் பக்கத்தில்தான் இருக்கிறாள். கொஞ்ச நாளாக மனத்தில் நிறைய பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அதைத் தாங்க முடியாமல் தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறாள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. நீங்கள் திட்டாமல் பேசினால் அதுவே பாதி மருந்து" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்திலேயே பிள்ளை பத்திரம் என்பது தாயின் காதில் விழ வேண்டும்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற பயத்தில் மருத்துவமனைக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை, 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு ஏறக்குறைய முடக்கிவிட்டது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவே இடம்பெறவில்லை. மருத்துவமனை தன் நடைமுறைப்படி ஏதாவது பதிவு செய்யலாம். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியிருந்தால் தேவையானவரிடம், தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். விடுதியை விட்டு நீக்குவது, இடைநீக்கம் செய்வது, "இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்று உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்குவது, இதெல்லாம் கல்லூரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது. காய்ச்சல் வந்த பிள்ளையிடம் "இனி காய்ச்சல் வராது" என்று எழுதி வாங்குவோமா? பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நெறி, 2022, இப்படிப்பட்டவர்களிடம் தண்டனை போன்ற அணுகுமுறை கூடவே கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நீங்கள் புதியவராக இருந்தாலும், அந்தக் கூட்டத்தில் உங்கள் குரல் ஒன்றாவது எதிர்த்து ஒலிக்கட்டும்.

ஆலோசகரிடம் அழைத்துப் போவது

முதலில் உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறாரா என்று பாருங்கள். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆணையிட்டிருக்கிறது. பலகையில் பெயர் மட்டும் இருந்து, ஆள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்துபோனால் அதையும் கேளுங்கள்.

இல்லையென்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். சீட்டு வாங்கினால் போதும், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, தொலைபேசிவழி மனநல உதவி தரும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையின் எண்தான் மேலே சொன்ன 14416. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகப் பணியாற்றும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இந்த எண்களை இன்றே உங்கள் போனில் சேமித்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தேட நேரம் இருக்காது.

"பைத்தியம் என்று நினைத்துவிட்டீர்களா மேடம்?" என்று கேட்பார்கள். இந்தப் பயத்துக்கு நாமும் காரணம். சென்னைக்காரர்கள் கோபத்தில் "கீழ்ப்பாக்கம் போ" என்று திட்டுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 1794-இல் தொடங்கிய, எத்தனையோ பேரைக் குணப்படுத்தி அனுப்பிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வசைச்சொல்லாகிவிட்டது. "பல்வலிக்குப் பல் மருத்துவர். தாங்க முடியாத தவிப்புக்கு அதற்கென்று படித்தவர்" என்று சொல்லிப் பார்த்தேன், ஓரளவு எடுபட்டது. அதைவிட எடுபட்டது, "முதல் நாள் நான் கூட வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்" என்று சொன்னது.

உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர், குடும்பம், தூக்கம், சாப்பாடு, படிப்பு பற்றிக் கேட்பார்கள். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பார்கள். மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருந்தால் மருந்து தரலாம். சுயகாயத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. பெரும்பகுதி பேச்சுவழிச் சிகிச்சைதான். அதில் உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களை ஒவ்வொன்றாகக் கற்றுத்தரும் முறை ஒன்று உண்டு: இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. அதை உருவாக்கியவர் சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்ஷா லினஹன். உலகமே அறிந்த நிபுணரான பிறகு, 2011-இல், ஓர் உண்மையை வெளியே சொன்னார். பதினேழு வயதில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு நெடுநாள் இருந்தவர், அங்கே தம்மைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டவர் அவர். அந்த மருத்துவமனைக்கே போய், அங்கே கூடியிருந்தவர்கள் முன்னால் அதைச் சொன்னார். மீளவே முடியாது என்று நினைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் சொன்னபோது ஒருத்தி, "அவர்கள் கையிலும் தழும்பு இருக்கிறதா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் ஆலோசகர் ஒத்துவராமல் போகலாம். வேறொருவரைப் பார்க்கலாம் என்று அப்போதே சொல்லி வையுங்கள்.

அதற்குப் பிந்தைய மாதங்கள்

மறுபடியும் அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். ஆலோசகர் பெரும்பாலும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்வார்: என்ன நடந்தது, மனத்தில் என்ன ஓடியது, உடலில் எங்கே தெரிந்தது, பிறகு என்ன செய்தேன். சில வாரங்களில் ஒரு கோலம் புலப்படும். ஒரு மாணவிக்கு அது ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குப் பேசி முடித்த பிறகு வந்தது. அதைக் கண்டுகொண்டதும், ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போன் வைத்தவுடன் அறைத்தோழியோடு மொட்டை மாடிக்குப் போய் நடப்பது என்று இருவரும் முடிவுசெய்துகொண்டார்கள். பெரிய சிகிச்சை எதுவும் இல்லை, நடைதான். அது வேலை செய்தது.

தவிப்பு ஓர் அலை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் இருக்கும் சில நிமிடங்களைக் கடத்துவதற்கான வழிகளை அமைதியான நேரத்தில் பழகி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முகத்தை நனைப்பது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்வது, படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்குவது. இவை உடலின் வேகத்தை மாற்றி மனத்தை இறக்கும். இதயக் கோளாறோ, சாப்பாட்டை அறவே ஒதுக்குவது போன்ற உண்ணுதல் கோளாறோ உள்ளவர்கள் குளிர்நீர் முறையையும் கடும் உடற்பயிற்சியையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். "பதினைந்து நிமிடம் மட்டும் தள்ளிப்போடுகிறேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதும், அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒருவரைப் போய்ப் பார்ப்பதும் பலருக்கு உதவுகிறது. வேறு விதமாக வலி உண்டாக்கும் மாற்று வழிகளை நீங்களாகச் சொல்லித்தராதீர்கள்.

மீண்டும் நடக்கும். நாற்பது நாள் நன்றாக இருந்துவிட்டு, செமஸ்டர் முடிவு வந்த இரவில் நடக்கும். அன்று "எல்லாம் வீணாகிவிட்டது" என்று அவள் சொல்வாள். நாற்பது நாள் எப்படித் தாக்குப்பிடித்தாள் என்று கேளுங்கள். அந்த நாற்பது நாளை யாரும் அழித்துவிடவில்லை. தினமும் கையைப் பரிசோதிப்பது, அறையைச் சோதனை போடுவது, வாரத்துக்கு ஒரு முறை "செய்தாயா, செய்யவில்லையா" என்று கணக்குக் கேட்பது வேண்டாம். அவள் இடத்தை மாற்றி, இன்னும் ஒளித்து, செய்வாள். அவள் படித்த புத்தகத்தைப் பற்றியும், சாம்பாரில் உப்பு கூடிவிட்டதைப் பற்றியும் கேளுங்கள். நோயாளியாக மட்டுமே பார்க்கப்படுவது மிகவும் களைப்பூட்டும் விஷயம்.

அறைத்தோழிகளை மறந்துவிடாதீர்கள். பல மாதமாக இரகசியத்தைச் சுமந்து, இரவில் கண் விழித்துக் காவலிருந்து, தன் படிப்பையும் கெடுத்துக்கொண்டவள் பெரும்பாலும் அவள்தான். "நீ மருத்துவர் இல்லை. அவள் உயிருக்கு நீ பொறுப்பாளி இல்லை. உனக்குப் பயமாக இருக்கும்போது என் கதவைத் தட்டுவது காட்டிக்கொடுப்பது ஆகாது" என்று அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். சொன்னதும் அழுதுவிடுவாள்.

நடந்ததை வைத்து விடுதி முழுக்கக் கூட்டம் போட்டு அறிவுரை சொல்லாதீர்கள். இளைஞர்களிடையே இது ஒருவரைப் பார்த்து ஒருவருக்குப் பரவக்கூடியது. விவரங்களும் படங்களும் அப்படிப் பரவத் துணைசெய்யும். யாராவது படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தால் உடனே அழிக்கச் சொல்லுங்கள்.

நீங்களும் ஒருவரிடம் பேச வேண்டும். பெயர் சொல்லாமல், விவரம் சொல்லாமல், அனுபவமுள்ள ஒரு சக ஆசிரியரிடம் பேசுங்கள். 14416-ஐ நீங்களும் அழைக்கலாம். உதவி செய்கிறவர்களும் அழைக்கத்தான் அது.

தழும்புகள்

கடைசியாக ஒன்று. காயம் ஆறிய பிறகும் தழும்பு இருக்கும். நான்காம் ஆண்டில் வளாக நேர்காணலுக்குப் புடவை கட்ட வேண்டும், ரவிக்கை அரைக்கை. விளையாட்டு விழாவுக்குச் சீருடை. அக்காவின் கல்யாணத்தில் கை நிறைய மருதாணி. ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு பரீட்சை. முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்ள விரும்பினால் தைக்கட்டும். மறைக்காமல் போக விரும்பினால் போகட்டும். அதில் நம் கருத்து வேண்டாம். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் விடுதியில் ஒருத்தி அதை என் அறைக் கண்ணாடி முன்னால் நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்: "பழைய காயம். ஆறிவிட்டது." மூன்றாவது முறை குரல் நடுங்கவில்லை. நேர்காணலில் கேட்கவே இல்லையாம்.